நூல் நோக்கு: இப்னுல் அஸீர் எனும் மூவர்

"இப்னுல் அஸீர் (ரஹ்) எழுதுகிறார்" என்று ஆலிம் பெருமக்கள் தம் பயான்களில் மேற்கோள் காட்டக் கேட்டிருப்போம். நபித்தோழர் ஒருவரின் வரலாற்றைச் சொல்லும்போது அப்பெயர் வரும். ஹதீஸில் உள்ள அருஞ்சொல் ஒன்றிற்குப் பொருள் உரைக்கும்போதும் வரும். சிலுவைப் போர்களையும் தாத்தாரியர் படையெடுப்பையும் பற்றிப் பேச்செழுந்தால் அங்கும் அப்பெயரே முன்னிற்கும். அரபு உரைநடையின் அழகை ஆராய்வோரும் அதே பெயரைத்தான் சான்றாகக் காட்டுவர்.

ஒரு மனிதரால் இத்தனை துறைகளில் இவ்வளவு ஆழ்ந்து எழுத இயலுமா என்ற ஐயம் வாசகருக்கு எழுதல் இயல்பே. விடை எளிது. இப்னுல் அஸீர் ஒருவரல்லர், மூவர். ஒரே தந்தையின் மக்கள். மூவரும் நூலாசிரியர்கள். மூவரையும் உலகம் ஒரே பெயரால் அழைத்துவிட்டது. அப்பெயர் எவ்வாறு வந்தது, அதன்கீழ் நிற்கும் நூல்களில் எது யாருடையது, அந்நூல்களிடையே உள்ள உறவென்ன என்பவற்றை இத்திங்கள் காண்போம்.

தந்தை தந்த பெயர்

நம் வழக்கில் தந்தையின் பெயரது முதலெழுத்தை நம் பெயருக்கு முன்னால் இட்டுக்கொள்கிறோம். அரபு மக்கள் "இப்னு", அதாவது "மகன்", என்னும் சொல்லால் தந்தையின் பெயரை இணைத்துக்கொண்டனர். இம்மூவரின் தந்தையார் பெயர் முஹம்மத். "அஸீருத்தீன்" என்பது அவருடைய சிறப்புப் பெயர். "அஸீர்" என்றால் மேன்மைப்படுத்தப்பட்டவர், தனித்துத் தேர்ந்துகொள்ளப்பட்டவர் என்று பொருள்படும். ஆகவே மக்கள் மூவரும் "அஸீரின் மகன்" ஆயினர்.

மூத்தவர் முபாரக், சிறப்புப் பெயர் மஜ்துத்தீன். கி.பி. 1149இல் பிறந்தார். நடுவர் அலீ, சிறப்புப் பெயர் இஸ்ஸுத்தீன். 1160இல் பிறந்தார். இளையவர் நஸ்ருல்லாஹ், சிறப்புப் பெயர் ளியாவுத்தீன். 1163இல் பிறந்தார். பிறந்த ஊர் தஜ்லா நதிக்கரையில் உள்ள ஜஸீரத்து இப்னு உமர். இன்று அது துருக்கி நாட்டின் எல்லைக்குள், ஜிஸ்ரே என்ற பெயரில் விளங்குகிறது. ஊர்ப் பெயரால் இவர்களை "அல் ஜஸரீ" என்றும் அழைப்பர். அவ்விடத்திலும் குழப்பம் உண்டு. வியத்தகு நீர்ப்பொறிகளையும் கடிகாரங்களையும் விளக்கி நூல் செய்த அல் ஜஸரீ வேறொருவர். திருக்குர்ஆன் ஓதும் முறையை ஆய்ந்த இப்னுல் ஜஸரீ, இம்மூவருக்கும் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் பிற்பட்டவர்.

தந்தையார், நூருத்தீன் ஸன்கீயின் குலத்தவரான மோஸுல் ஆட்சியாளர்களிடம் உயர்பதவி வகித்தவர். ஜஸீரத்து இப்னு உமரின் திவானை நிர்வகித்தவர். தாம் கண்ட அரசியலையும் போர்களையும் பிள்ளைகளிடம் எடுத்துச் சொல்லும் வழக்கம் அவருக்கு இருந்தது. இதை நாம் ஊகித்துச் சொல்லவில்லை. நடுவர் இஸ்ஸுத்தீன், ஸன்கீ குலத்தின் வரலாறாக "அத்தாரீகுல் பாஹிர்" என்னும் நூலை எழுதியபோது, பல நிகழ்ச்சிகளுக்குத் தம் தந்தையையே அறிவிப்பாளராகக் காட்டுகிறார். வீட்டில் தந்தை சொன்ன செய்திகள் மகனின் கையில் வரலாற்று நூலாயின. பெயரோடு சேர்த்துத் தந்தை விட்டுச்சென்ற செல்வம் இது.

மூத்தவர்: நோயில் விளைந்த நூல்கள்

மஜ்துத்தீன் (ரஹ்) மோஸுல் அரசில் ஓலைநாயகமாக, அதாவது அரச மடல்களை வரையும் துறையின் தலைவராக, உயர்ந்தவர். புகழின் உச்சியில் இருந்தபோது கை கால்களை முடக்கும் நோய் அவரைப் பற்றியது. எழுதுகோல் பிடித்து வாழ்ந்தவருக்கு எழுத இயலாமற் போயிற்று. வீட்டோடு முடங்கினார்.

அம்முடக்கத்திலேதான் அவருடைய நூல்கள் பிறந்தன என்று, அடுத்த தலைமுறையின் வரலாற்றாசிரியரான இப்னு கல்லிகான் கேள்வியுற்றுப் பதிவு செய்கிறார். தேடி எடுத்துத் தரவும் எழுதவும் உதவியாளர் சிலர் உடனிருந்தனர். தம் இல்லத்தையும் ரிபாத்தாக மாற்றிச் சொத்துகளை அதற்கு வக்ஃபு செய்துவிட்டார்.

இப்னு கல்லிகான் நடுவரின் வாய்மொழியாகத் தரும் ஒரு செய்தி நெஞ்சை விட்டு நீங்காதது. மேற்குத் திசையாம் மக்ரிபிலிருந்து ஒரு மருத்துவர் வந்தார். நலமடைந்த பின்னரே கூலி பெறுவேன் என்று கூறித் தாம் காய்ச்சிய தைலத்தால் சிகிச்சை தொடங்கினார். கால்கள் இளகி நீட்டக்கூடிய நிலைக்கு வந்தன. குணம் கண்கூடாகத் தெரிந்த அவ்வேளையில் மஜ்துத்தீன் தம் தம்பியை அழைத்து, அம்மருத்துவருக்கு மனம் நிறையப் பொருள் கொடுத்து அனுப்பிவிடுமாறு கூறினார். தம்பிக்கு வியப்பு. அண்ணன் காரணம் சொன்னார். உடல் நலத்தோடு இருந்தபோது அதிகாரத்திலிருப்போர் வாசலுக்கு ஓடி ஓடித் தம்மைத் தாழ்த்திக்கொள்ள வேண்டியிருந்தது. இப்போதோ தேவை எழுந்தால் அவர்களே தம்மைத் தேடி வந்து ஆலோசனை கேட்கிறார்கள். இந்த நிம்மதியைத் தந்தது இந்நோய். எஞ்சிய சிறிது வாழ்நாளை இழிவின்றிக் கழிக்க விடு என்பது அவர் வேண்டுகோள். தம்பி அதை ஏற்று மருத்துவரை மரியாதையோடு அனுப்பிவைத்தார்.

இவ்வாறு கிடைத்த தனிமையின் விளைச்சல் இரு பெரும் நூல்கள். முதலாவது "ஜாமிவுல் உஸூல்". புகாரீ, முஸ்லிம், இமாம் மாலிக்கின் முவத்தா, அபூதாவூத், திர்மிதீ, நஸாயீ ஆகிய ஆறு நூல்களின் ஹதீஸ்களைப் பொருள்வாரியாக, அரபு எழுத்து வரிசையில் ஒருங்கு சேர்த்த பெருந்தொகுப்பு இது. அச்சுப் பதிப்பில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட எண்கள் உள்ளன. இன்று நாம் ஆறாவதாக எண்ணும் இப்னு மாஜாவின் இடத்தில் இவர் முவத்தாவை வைத்துள்ளதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது "அந்நிஹாயா". ஹதீஸில் வரும் அருஞ்சொற்களின் அகராதி. மாணவர்க்கு இரங்கிய ஆசிரியரின் கை இதில் தெரிகிறது. ஒரு சொல்லின் வேரை அறியாதவர் அதை எங்கே தேடுவார் என்று எண்ணி, சில சொற்களை அவற்றின் வெளித்தோற்றத்து முதலெழுத்திலேயே அமைத்து, உண்மையான வேர் இன்னது என்று அருகில் குறித்துவிடுகிறார். பின்னாளில் இப்னு மன்ளூர் "லிஸானுல் அரப்" என்னும் பேரகராதியை ஆக்கியபோது மூலங்களாகக் கொண்டவை ஐந்தே நூல்கள். அவற்றுள் ஒன்று இந்நிஹாயா. 1210இல் மஜ்துத்தீன் மறைந்தார்.

நடுவர்: காலத்தின் சாட்சி

இஸ்ஸுத்தீன் (ரஹ்) பதவியை நாடாதவர். மோஸுல் ஆட்சியாளரின் தூதராகவும் ஹாஜியாகவும் பக்தாது சென்றபோதெல்லாம் அங்குள்ள அறிஞர்களிடம் பாடம் கேட்டார். 1188இல் ஷாம் நாட்டில் ஸலாஹுத்தீன் ஐயூபியின் படையோடிருந்து போரை நேரில் கண்டார். படைப்பின் தொடக்கம் முதல் ஹிஜ்ரி 628 வரை ஆண்டுதோறும் நிகழ்ந்தவற்றைச் சொல்லும் "அல் காமில் ஃபித் தாரீக்" அவருடைய புகழ்மிகு நூல். 19ஆம் நூற்றாண்டிலேயே ஹாலந்து நாட்டு லெய்டன் நகரில் அது அச்சேறியது.

அவர் எவருக்கும் முகமன் கூறி எழுதியவரல்லர். பைத்துல் முகத்தஸை மீட்ட ஸலாஹுத்தீனின் அருஞ்செயலைப் போற்றும் அதே நூலில், பகைவர் ஸூர் நகரில் ஒன்றுதிரள இடங்கொடுத்தது அவருடைய தவறு என்றும் எழுதினார். ஸன்கீ குலத்தின்பால் அவருக்கிருந்த பற்று அக்கண்டிப்புக்கு ஒரு காரணம் என்று சொல்வோரும் உளர். தாத்தாரியர் கொடுமையை எழுதும் கட்டம் வந்தபோது அவர் கை நடுங்கியது. ஹிஜ்ரி 617ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இந்நிகழ்ச்சியை எழுத மனமின்றிப் பல ஆண்டுகள் ஒத்திப்போட்டதையும், இதைக் காணப் பிறவாதிருந்தால் நலமாயிருக்குமே என்று நொந்ததையும் மறையாமல் சொல்லிவிட்டே வரலாற்றைத் தொடங்குகிறார். 1233இல் அவர் மறைந்தார். 1258இல் பக்தாது வீழ்ந்ததைக் காணும் துயரம் அவருக்கு நேரவில்லை.

"உஸ்துல் ஃகாபா" என்றால் காட்டுச் சிங்கங்கள் என்று பொருள். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நபித்தோழர்களின் வரலாற்றைத் திரட்டித் தரும் இந்நூலின் இறுதிப் பகுதி முழுவதும் பெண்மணிகளுக்கு உரியது. ஏறத்தாழ ஆயிரம் ஸஹாபியப் பெண்களின் குறிப்புகள் அதில் உள்ளன. நம் இல்லத்துப் பெண்மக்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

நம் பொருளோடு நேரே தொடர்புடையது அவருடைய மற்றொரு நூலான "அல் லுபாப்". ஊர், குலம், தொழில், முன்னோர் ஆகியவற்றால் மனிதர்க்கு வாய்க்கும் பெயர்களை ஆராய்ந்து மர்வு நகரத்து ஸம்ஆனீ (ரஹ்) எழுதிய "அல் அன்ஸாப்" என்னும் நூலைச் சுருக்கித் திருத்திய நூல் இது. ஒரே பெயருடைய அறிவிப்பாளர் இருவரை ஒருவராகக் கருதிவிட்டால் ஹதீஸின் தரமே மாறிப்போகும். ஆகவேதான் இக்கலைக்கு நம் முன்னோர் அவ்வளவு மதிப்பளித்தனர். பெயர் மயக்கம் தீர நூல் செய்தவரே, பின்வந்தோர் நாவில் தம் சகோதரரோடு மயங்குவது காலத்தின் விளையாட்டு.

இளையவர்: பெட்டிக்குள் தப்பிய அமைச்சர்

ளியாவுத்தீன் அண்ணன்மாரின் பாதையில் செல்லவில்லை. மூத்தவர் விட்டு நீங்கிய அரசவையை இளையவர் விரும்பித் தேடிச் சென்றார். 1191இல் ஸலாஹுத்தீனிடம் பணியில் சேர்ந்து, பின் அவர் மைந்தர் அல் அஃப்ளலுக்குத் திமிஷ்கில் அமைச்சரானார். ஆட்சித் திறத்தில் அவர் பெயரெடுக்கவில்லை. மக்கள் வெறுத்தனர். 1196இல் அல் அஃப்ளல் திமிஷ்கை இழந்தபோது அமைச்சரின் உயிருக்கே ஆபத்து வந்தது. பூட்டிய பெட்டியொன்றில் அவரை மறைத்து ஊருக்கு வெளியே கொண்டுசென்றனர். அதன்பின் பல ஊர்கள், பல எசமானர்கள். இறுதியில் மோஸுலுக்கே திரும்பி அரச மடல் எழுதும் பணியில் அமர்ந்தார். 1239இல் தூது சென்றிருந்த பக்தாதில் மறைந்தார்.

அமைச்சராகத் தோற்ற அவர் எழுத்தில் வென்றார். எழுத்தாளனும் கவிஞனும் கற்க வேண்டிய கலையை விளக்கும் "அல் மஸலுஸ் ஸாஇர்" அரபு இலக்கியத் திறனாய்வில் தலையாய நூல்களுள் ஒன்று. எழுத்தாளனுக்குத் தேவையான கருவிகள் எட்டு என்று அதில் வகுக்கிறார். இலக்கணம், சொல்வளம், அரபு மக்களின் பழமொழியும் வரலாறும், முன்னோர் நூல்கள், ஆட்சிச் சட்டங்கள், குர்ஆன் மனனம், ஹதீஸ் மனனம், யாப்பு என்பன அவை. இவற்றோடு அவர் நிற்கவில்லை. சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கும் பெண் சொல்வதும், மணமகளை அலங்கரிப்பவள் சொல்வதும், கடைத்தெருவில் பொருள் விற்பவன் கூவுவதும் எழுத்தாளன் காதில் விழ வேண்டும் என்கிறார். அரண்மனையில் வாழ்ந்தவர் தெருவுக்கும் செவி கொடுத்திருக்கிறார்.

தற்பெருமை அவரிடம் மிகுதி. நூலெங்கும் தம் மடல்களையே எடுத்துக்காட்டி மெச்சிக்கொள்கிறார். மறுப்புகளும் உடனுக்குடன் எழுந்தன. பக்தாதின் இப்னு அபில் ஹதீத் "அல் ஃபலகுத் தாஇர்" என்னும் மறுப்பு நூலே எழுதினார். அடுத்த நூற்றாண்டில் ஸஃபதீயும் ஒரு மறுப்பு வரைந்தார். எனினும் அதைக் கற்காமல் அரபு உரைநடையைப் பற்றிப் பேசவியலாது. இளையவருடைய மகனும் எழுத்தாற்றல் மிக்கவரே. ஆனால் தந்தை இருக்கவே 1225இல் அவர் மறைந்தார்.

சிவப்பு மையின் சாட்சியம்

மூன்று வாழ்க்கை, மூன்று போக்கு. இவர்களை இணைப்பது பெயர் மட்டும்தானா? மூத்தவரும் நடுவரும் எழுதிய நூல்களைத் திறந்தால் வேறோர் ஒற்றுமை கண்ணில் படும்.

மூத்தவரின் நிஹாயா இரு முன்னோர் நூல்களின்மேல் எழுந்தது. ஒன்று ஹரவீயுடையது, மற்றொன்று இஸ்ஃபஹானைச் சேர்ந்த அபூமூஸாவுடையது. ஹரவீயிடமிருந்து பெற்ற செய்திக்கு "ஹா" என்னும் எழுத்தைச் சிவப்பு மையில் இட்டார். அபூமூஸாவிடமிருந்து பெற்றதற்கு "ஸீன்" இட்டார். இவ்விரண்டு நூல்களிலும் இல்லாமல் தாம் சேர்த்தவற்றைக் குறியின்றி விட்டார். வேறொருவர் தேடிய பொருள் தம் கணக்கில் ஏறிவிடக் கூடாதென்ற அச்சமே அச்சிவப்பு எழுத்து.

நடுவரின் உஸ்துல் ஃகாபா நான்கு முன்னோர் நூல்களைத் தழுவியது. அங்கும் இதே முறை. இப்னு மன்தாவுக்கு "தால்", அபூ நுஐமுக்கு "ஐன்", இப்னு அப்தில் பர்ருக்கு "பா". நான்காமவர் அதே அபூமூஸா. அவருக்குக் குறி அதே "ஸீன்". அண்ணன் நூலில் ஓர் ஆசிரியருக்கு இட்ட அடையாளமே தம்பியின் நூலிலும் அவருக்கு நிற்கிறது. ஒரு வீட்டின் வழக்கம் இரு நூல்களில் பதிந்த இடம் இது. இன்றைய அச்சுப் பதிப்புகளிலும் இக்குறிகள் காக்கப்பட்டுள்ளன. நூல்நிலையம் செல்லும் வாசகர் ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறந்து பார்க்கலாம்.

சகோதரர்களிடையேயும் அதே பேணுதல் இருந்தது. அல் காமிலில் தம் அண்ணனின் மறைவைக் குறிக்கும் இடத்தில் நடுவர் அவருடைய கல்வியையும் பண்பையும் சுருக்கமாகவே புகழ்கிறார். புகழ்ந்த கையோடு, இதைப் படிப்பவர் தம்பி பேசுகிறான் என்று ஐயுறலாம், ஆனால் அவரை அறிந்த சமகாலத்தவருக்கு நான் குறைத்தே சொன்னது தெரியும் என்ற கருத்தைச் சேர்த்துவிடுகிறார். பாசத்தை எழுதும்போதும் வரலாற்றாசிரியருக்குரிய எச்சரிக்கை அவரை விட்டு நீங்கவில்லை.

நமக்குள்ள கடமை

2014இல் மோஸுல் நகரம் தீவிரவாதிகள் கைக்குச் சென்றபோது, வரலாற்றாசிரியர் இப்னுல் அஸீருடையதென்று மக்கள் கருதி வந்த அடக்கத்தலம் தகர்க்கப்பட்டது. கல்லால் எழுப்பிய நினைவுச்சின்னம் போய்விட்டது. எஞ்சியிருப்பவை நூல்களும் பெயரும். அப்பெயரும் மூவருக்குப் பொதுவாயிருக்கையில், எந்நூல் எவருடையதென்று பிரித்தறிந்து சொல்வதே அவர்களுக்கு நாம் செய்யும் குறைந்த அளவு மரியாதை.

அதற்கு எளிய வழி உண்டு. ஹதீஸ் தொகுப்பு, ஹதீஸின் அருஞ்சொற்பொருள் என்றால் மூத்தவர் மஜ்துத்தீன். வரலாறு, நபித்தோழர் குறிப்பு, பெயர் ஆய்வு என்றால் நடுவர் இஸ்ஸுத்தீன். எழுத்துக் கலை, இலக்கியத் திறனாய்வு என்றால் இளையவர் ளியாவுத்தீன். மேடையில் பேசுவோரும் ஏடுகளில் எழுதுவோரும் "இப்னுல் அஸீர்" என்று நிறுத்திவிடாமல் நூலின் பெயரையும் உடன் சொல்லிவிட்டால் குழப்பமே எழாது. பிறர் சொல்லைப் பிறர் சொல்லென்று காட்டச் சிவப்பு மை தேடியவர்களின் சொல்லை ஆள் மாற்றிச் சொல்வது அமானிதத்துக்கு அழகன்று.

பெற்றோர்க்கும் இவ்வீட்டில் ஒரு பாடம் உண்டு. அஸீருத்தீனின் மக்கள் மூவரும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவர்களல்லர். ஒருவர் ஒதுங்கினார், ஒருவர் பதிந்தார், ஒருவர் அலைந்தார். தந்தை பெயர் மூவருக்கும் ஒரே அளவில் கிடைத்தது. அதற்குப் பொருள் சேர்த்தது அவரவர் உழைப்பு. நம் பிள்ளைகளுக்கு நம் பெயரின் முதலெழுத்தைக் கொடுக்கிறோம். வீட்டில் நாம் பேசும் பேச்சில் அவர்கள் நாளை "என் தந்தை எனக்கு அறிவித்தார்" என்று எழுதத்தக்கது ஏதேனும் உள்ளதா என்பதையும் எண்ணிப்பார்ப்போமாக.

அல்லாஹ் அம்மூவரின் பிழைகளைப் பொறுத்து, அவர்தம் கல்விப் பணியை ஏற்றுக்கொள்வானாக!

(அடுத்த இதழில்: பாட்டனாரும் பேரரும் ஒரே பெயர் தாங்கிய குர்துபா நகரத்து இப்னு ருஷ்து குடும்பத்தின் நூல்கள்)